ஒரு ரசீது வேண்டும்

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு
தலைமைப் பதிவாளர் அவர்கள், சென்னை உயர் நீதிமன்றம்

பொருள்: சிறைக்குள்ளிருந்து கைதிகள் தாமே எழுதி அனுப்பும் மனுக்களுக்குத் தேதியிட்ட ரசீது வழங்கக் கோருதல்.

ஐயா, அம்மையீர்,

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலை. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் பதினான்கு மாதங்களை ஒரு சிறையில் விசாரணைக் கைதியாகக் கழித்தேன். வழக்கில் விடுதலை ஆகிவிட்டேன். அந்த வழக்கைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எந்தச் சிறை என்பதையும் எழுதவில்லை. நான் விட்டுவந்தவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வெளியே செய்த தொழில் உள்ளேயும் என்னைத் தேடி வந்தது. மனு எழுதத் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்ற செய்தி இரண்டே நாளில் பிளாக் முழுவதும் பரவிவிட்டது. காலை எண்ணிக்கை முடிந்ததும் ஒருவர் வந்து அருகில் உட்காருவார், பேச்சு எங்கெங்கோ போகும், கடைசியில் மடித்து வைத்த வெள்ளைத்தாள் ஒன்று இடுப்பிலிருந்து வெளியே வரும். "ஐகோர்ட்டுக்கு ஒன்று எழுத வேண்டும்" என்பார். பதினான்கு மாதங்களில் எத்தனை எழுதினேன் என்று கணக்கு வைக்கவில்லை. நூறுக்குக் குறையாது.

என்ன எழுதச் சொன்னார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்ட மனுக்கள் அவற்றில் மிகக் குறைவு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றார் ஒருவர். வேறு சிறைக்கு மாற்றியதால் தாயாரால் அவ்வளவு தூரம் வந்து தன்னைப் பார்க்க முடியவில்லை என்றார் இன்னொருவர். அடிபட்டவர் ஒருவர், அடியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிறைக்குள் மனிதனாக நடத்தப்படுவதற்கான உரிமையைக் கேட்ட மனுக்கள் இவை. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு என்ற பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்டது அதைத்தான்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தந்திருக்கிறது. உங்கள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் சிறைக்கு வருகிறார்கள். அவர்களில் மிக நல்லவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் ஜாமீனுக்கும் விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்குமே நேரம் போதாமல் ஓடுகிறார்கள். சிறைக்குள் நடப்பதைப் பற்றி வழக்குப் போட வேண்டுமென்றால், கைதி முதலில் அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேசுகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் காவலர் நிற்கிறார். சொல்லி, வழக்கறிஞர் ஒப்புக்கொண்டாலும், வக்காலத்தில் கைதி போடும் கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றொப்பம் தேவை. யார் மீது குறை சொல்ல வருகிறானோ அவருடைய முத்திரையை வாங்கித்தான் அந்தக் குறையைச் சொல்ல முடியும். அதனால்தான் தாளும் பேனாவும் போதும் என்று கைதி தானே எழுதத் துணிகிறான்.

எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர் இருந்தார். ஆயுள் தண்டனை. வலக்கண்ணில் ஏற்கெனவே பார்வை போய்விட்டது. இடக்கண்ணிலும் புரை விழுந்து, சாப்பாட்டுத் தட்டைத் தடவித்தான் எடுப்பார். அறுவைச் சிகிச்சைக்கு வெளி மருத்துவமனைக்கு அழைத்துப்போவதாகத் தேதி குறிப்பார்கள். அன்றைக்கு வழிக்காவலுக்குப் போலீசார் வரமாட்டார்கள். தேதி தள்ளிப்போகும். நான்கு முறை இப்படி ஆனபிறகு என்னிடம் வந்தார். ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், நான்கு தேதிகள், கோரிக்கை ஒன்றே ஒன்று. எழுதிய அன்று எழுத்து நேராக வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை. பெரியவர் கைநாட்டு வைத்து, அலுவலகத்துக்குப் போகும் கட்டோடு கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மாலை லாக்கப்புக்கு முன்னால் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "போயிருக்குமா தம்பி?"

போயிருக்கும் என்பேன். முதல் மாதம் நம்பித்தான் சொன்னேன். மூன்றாவது மாதம் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். ஐந்தாவது மாதம், சிறைக்கு வந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் உயர் நீதிமன்றத்தில் விசாரித்துவிட்டு, அப்படி ஒரு மனு வந்ததற்குப் பதிவே இல்லை என்றார். பிறகு அவரே முயன்று சிகிச்சைக்கு வழி செய்தார். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. சில மாதங்கள் முன்னதாக நடந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் மருத்துவன் அல்ல.

அந்தத் தாள் எங்கே போனது? சிறை அலுவலகத்தில் நின்றதா, தபாலில் தொலைந்ததா, நீதிமன்றத்தில் வேறு கட்டோடு கலந்துவிட்டதா? யார் மீதும் குற்றம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரம் இல்லாமல் போனதே என் குறை. கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாதபோது, தாள் தொலைந்தது என்றுகூட ஒருவனால் சொல்ல முடியாது. அவன் கொடுக்கவே இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

என் தொழிலில் நான் முதலில் கற்றது இது. மனு எழுதுவது பாதி வேலை, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குவது மீதிப் பாதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கும் கிழவிக்குக்கூட எண் போட்ட ரசீது கிடைக்கிறது. சிறையிலும் ரசீது என்பது தெரியாத விஷயம் அல்ல. நான் உள்ளே நுழைந்த அன்று என் கைக்கடிகாரம், பெல்ட், சட்டைப்பையில் இருந்த பணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்த அன்று அந்தப் பதிவேட்டைப் பார்த்து அத்தனையையும் திருப்பித் தந்தார்கள், ஒரு ரூபாய் குறையவில்லை. பெல்ட்டுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு, பெரியவரின் கண்ணைப் பற்றிய மனுவுக்கு இல்லை.

சட்டத்துக்கு இது புதிய சிந்தனையா என்று பார்த்தேன். வெளியே வந்தபிறகு மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து, தெரிந்த வழக்கறிஞர்களைத் தொந்தரவு செய்து, படித்தேன். படிக்கப் படிக்க வியப்பாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் கைதிகளின் உரிமை பற்றிய சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதி, கைதி எழுதிய ஒரு கடிதத்திலிருந்து வந்தது.

டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னோடு இருந்த வேறொரு கைதியைத் தலைமைக் காவலர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். வந்திருக்கும் உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காக அந்தச் சித்திரவதை நடந்தது என்பது புகார். முத்திரைத்தாள் இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, தனக்கு உதவ வழக்கறிஞர்களைத் தானே நியமித்து, சிறைக்கு அனுப்பி விசாரித்தது. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஒரு காலத்தில் நம் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1948இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பிறகு 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஒருவர் கையில் அந்தக் கடிதம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அந்தத் தீர்ப்பில் ஒரு உத்தரவு இருக்கிறது. சிறைகளில் குறைகளைப் போடும் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும். அவை மாவட்ட நீதிபதி, மாவட்ட நடுவர் ஆகியோரின் ஆணைப்படி பராமரிக்கப்பட்டு, திறக்கப்பட்டு, நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். எல்லாக் கைதிகளுக்கும் அந்தப் பெட்டியை அணுக வழி இருக்க வேண்டும். சாவி சிறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? நான் இருந்த இடத்தில் பெட்டி இருந்தது. அதில் ஏதாவது போடுபவரை நான் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் படும் இடத்தில் இருந்தது அது. போடுகிறவன் யார் என்பது பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதற்கு ஓராண்டு முன்னால், 1978இல், ஹோஸ்கட் என்பவர் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் உரிய நேரத்தில் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது அதில் எழுந்த பிரச்சினை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகத்தான் அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வர முடிந்தது. சிறைத் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சிறை வழியாக நகல் வந்தால், அதிகாரி அதைக் கைதியிடம் சேர்த்து எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு தாள் வெளியிலிருந்து கைதிக்கு வரும்போது ஒப்புகை கட்டாயம் என்றால், கைதியிடமிருந்து வெளியே போகும் தாளுக்கும் அதே ஒப்புகையைத் தருவதில் என்ன தடை இருக்க முடியும்? நான் கேட்பதெல்லாம் ஹோஸ்கட் தீர்ப்பு போட்ட பாதையில் எதிர்த்திசையிலும் ஒரு வண்டி ஓட வேண்டும் என்பதுதான்.

தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குண்டர் சட்டத்தில் அடைபட்டவர்களிடம் கேளுங்கள். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தின்படி ஒருவரை விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதங்கள் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாட அவருக்கு உரிமை கிடையாது. அங்கே அவர் தானே பேச வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு அவருக்கு விட்டுவைத்திருப்பது, காவல் ஆணையை எதிர்த்து முறையிடும் வாய்ப்பை. அந்த முறையீட்டை அரசு காரணமின்றித் தாமதமாகப் பரிசீலித்தது என்று காட்ட முடிந்தால், உயர் நீதிமன்றம் காவல் ஆணையையே ரத்து செய்கிறது. இப்படி ரத்தான ஆணைகள் பல. அதாவது ஒருவரின் விடுதலை சில நாள்களின் கணக்கில் தொங்குகிறது. அவர் சிறையில் முறையீட்டைக் கையளித்த நாள் எது என்பதற்கு அவரிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. கணக்கு முழுவதும் எதிர்த்தரப்பின் பதிவேட்டில் இருக்கிறது.

இதே சிக்கலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்த்துவைத்தது. டென்னசி மாநிலத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வழக்காடிய ஒரு கைதிக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க முப்பது நாள் கெடு. அவர் இருபத்தேழாம் நாளில் சிறை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். நீதிமன்ற முத்திரை விழுந்தது முப்பத்தொன்றாம் நாள். ஒரு நாள் தாமதம் என்று மேல்முறையீடு தள்ளப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வெளியில் இருப்பவர் நேரில் போய் மனுவைக் கொடுக்கலாம், தாமதமானால் தொலைபேசியில் விசாரிக்கலாம். கைதியால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. ஆகவே சிறை அதிகாரியின் கையில் கொடுத்த நாளே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாள். அங்கே அந்த இருபத்தேழாம் நாளை நிரூபிக்க உதவியது சிறையின் தபால் பதிவேடு. ஆனால் அதே நாட்டில் 1996இல் வந்த ஒரு சட்டம், கைதிகளின் உரிமை வழக்குகளுக்குப் பல பூட்டுகளைப் போட்டது. சிறையின் உள் முறையீட்டுப் படிகள் அத்தனையும் ஏறி முடித்தபிறகே வழக்கு, ஏழையானாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தியாக வேண்டும், மூன்று வழக்குகள் அற்பமானவை என்று தள்ளப்பட்டால் பிறகு தவணைச் சலுகையும் பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. நம் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. கதவு வரைக்கும் தாள் வந்து சேர்வதுதான் இல்லை.

வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே பார்த்த சாட்சி உண்டு. 2019 ஜூலை 5 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர் பெண்கள் சிறையில் ஆயுள் கைதியாக இருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்புக் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். நீதிமன்றம் அவரை நேரில் அழைத்துவரச் செய்து, கேட்டு, ஒரு மாதம் விடுப்பு அளித்தது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், கைதி ஒருவரின் வார்த்தையை அவர் வாயாலேயே கேட்க நீதிமன்றம் தயாராக இருந்தது என்பதை நான் மறக்கமாட்டேன். அது நாடறிந்த கைதி என்பதால் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்தது பற்றி 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தபோது, மோதலைத் தடுக்கவே அந்த ஏற்பாடு என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை ஏற்கவில்லை. அந்த வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த அறைகளில் படுத்து எழுந்தவர்கள் எத்தனை தாள்கள் எழுதியிருப்பார்கள், அவை எந்த மேசையில் ஓய்ந்தன என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மனுக்கள் குவிந்துவிடும், பாதி பொய்யாகவும் வீணாகவும் இருக்கும் என்று ஒரு மறுப்பு வரும். நூறு மனு எழுதியவன் நான், அதை மறுக்கமாட்டேன். பக்கத்துக் கைதியின் மேல் உள்ள கோபத்தை மனுவாக எழுதச் சொன்னவர்கள் உண்டு. நடக்காததை நடந்ததாக எழுதச் சொன்னவர்களும் உண்டு. சிலவற்றை எழுத மறுத்தேன், சிலவற்றை எழுதிவிட்டு வருந்தினேன். ஆனால் எது வீண் என்று பார்த்துத் தள்ளுவது நீதிபதியின் வேலை. தபால் எடுத்துப் போகிறவரின் வேலை அல்ல.

பதிவாளர் அவர்களிடம் தனியாக ஒன்று. வெளியில் ஒரு வழக்கறிஞரின் கட்டு குறை காட்டித் திரும்பினால், அவருடைய குமாஸ்தா மறுநாளே சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்துவிடுவார். சிறையிலிருந்து வந்த கைப்பிரதியைப் பிரமாணப் பத்திரம் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை, பக்க எண் இல்லை என்று திருப்பினால் அது அத்தோடு முடிந்தது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு. தமிழையும் அந்த மன்றத்தின் மொழியாக்க வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. அந்தப் பெரிய கேள்வி அதன் வழியில் போகட்டும். தமிழில் வரும் கைதியின் மனுவுக்கு முதலில் ஒரு எண் கொடுங்கள், மொழிபெயர்ப்பை நீதிமன்றமோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ பிறகு செய்துகொள்ளட்டும். குறை இருந்தால் தாளைச் சிறைக்குத் திருப்பாமல் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுங்கள், அவர் சிறைக்குப் போய் உட்கார்ந்து சரிசெய்துகொண்டு வரட்டும்.

ஆணைக்குழுவிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. சிறைகளில் உங்கள் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் கைதிகளும் உண்டு. அந்த மையத்தின் மேசையில் மூன்று படிகள் கொண்ட ஒரு ரசீதுப் புத்தகம் வையுங்கள். வரிசை எண், தேதி, கைதியின் எண், எந்த நீதிமன்றத்துக்கு அல்லது அலுவலகத்துக்கு, எத்தனை பக்கம். ஐந்தே வரி. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்ற வரி மட்டும் அதில் வேண்டாம். உறை கைதியின் கண் முன்னால் ஒட்டப்பட வேண்டும். ஒரு படி கைதிக்கு, ஒரு படி புத்தகத்தில், மூன்றாவது படி உறையோடு நீதிமன்றத்துக்கு. மாவட்ட நீதிபதி சிறைக்கு வரும்போது அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 383ஆம் பிரிவு சொன்னது, இன்றைய சட்டத்திலும் அது இருக்கிறது. அந்தக் கடமைக்கு ஒரு சீட்டைச் சேர்த்துக் கேட்கிறேன், அதே சீட்டை மற்ற மனுக்களுக்கும் கேட்கிறேன்.

மாதிரிக்கு ஒரு ரசீதை நானே கோடு போட்டு எழுதி இணைத்திருக்கிறேன். என் மேசையில் பட்டா மனுக்களுக்கு நடுவே வைத்து எழுதியது, கொஞ்சம் மை தீற்றியிருக்கிறது, மன்னிக்கவும். பெரியவரின் மனு அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதனால் பக்கங்கள் என்ற இடத்தில் "2" என்று நிரப்பிவிட்டேன்.

இந்த மடலின் இரண்டு படிகளையும் சென்னைக்கு நேரில் எடுத்து வந்தேன். இரண்டு அலுவலகங்களின் தபால் பிரிவிலும் கொடுத்தேன். இரண்டிலும் மறுபேச்சில்லாமல் என் நகலில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்